பதினேழாம் பக்கத்து அடையாளங்கள்

லெண்டிங் லைப்ரரியில் கவுன்டர் பார்க்கிறவளுக்கு, யார் எதைப் படித்தார்கள் என்பதைவிட யார் எதை மறந்தார்கள் என்பதுதான் முதலில் தெரியவரும்.

மாட்டுங்காவில், கிங்ஸ் சர்க்கிளிலிருந்து நடக்கிற தூரத்தில், ஒரு மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது எங்கள் லைப்ரரி. தமிழ், இங்கிலீஷ், கொஞ்சம் மலையாளம். சாயங்காலம் ஆபீஸ் விட்டு வருகிறவர்களை முதலாளி பார்த்துக்கொள்வார். காலை பத்திலிருந்து மத்தியானம் இரண்டுவரை என் பொறுப்பு. அந்த வேளையில் வருகிறவர்கள் ரிட்டயரானவர்களும், சமையலை ஏறக்கட்டிவிட்டுப் பையோடு வரும் மாமிகளும்தான். ஆக, இரண்டு வருஷமாக என் முன்னால் வந்து நிற்பவை பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டிய தலைகள்.

எனக்கு இருபத்தாறு வயது. என் அம்மாவுக்கு நாற்பத்தைந்தில் ஆரம்பித்தது. அப்பா காப்பி குடித்து டம்ளரைக் கீழே வைத்த கையோடு இன்னொரு டம்ளர் கொண்டுவந்து நீட்டுவாள். நாங்கள் சிரித்தோம். ஐம்பதில் என்னைப் பார்த்து, நீ எந்தாத்துப் பெண் என்று மரியாதையாக விசாரித்தாள். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை. அவள் போய் மூன்று வருஷமாகிறது. இப்போது எனக்கு எட்டு மாதத்தில் ஒரு பெண் இருக்கிறாள். சாவியைத் தேடும் ஒவ்வொரு தடவையும் நாற்பத்தைந்திலிருந்து இருபத்தாறைக் கழிக்கிறேன். எனக்கு ஆரம்பிக்கும்போது இவளுக்கு இருபது வயதுகூட ஆகியிருக்காது. கையில் பிள்ளையை வைத்துக்கொண்டு இந்த மாதிரிக் கணக்குப் போடுகிற சகோதரிகள் வேறு யாராவது இருந்தால், அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். குழந்தை இப்போதுதான் தூங்கினாள். எழுந்தால் பாதியில் விட்டுவிட்டுப் போய்விடுவேன்.

இன்னும் ஒருவரைச் சொல்லிவிட வேண்டும். நாங்கள் இருப்பது செம்பூரில். நான் வேலைக்கு வரும் நேரம் குழந்தை பக்கத்து ஃபிளாட்டில் இருப்பாள். அங்கே ஒரு சிந்தி அம்மாள், ஐம்பத்தைந்து வயதிருக்கும். பிரிவினையில் கராச்சியை விட்டு வந்தவர். கட்டடமே அவரை ‘பாபி’, அதாவது அண்ணி, என்று கூப்பிடுகிறது, நானும் அப்படியே. பிள்ளை கிடையாது. புருஷன் காலையில் துணிக்கடைக்குப் போனால் இரவுதான் வருவார். பாபி என்னிடம் பேசுவது ஹிந்தி. அவர் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

பதினேழாம் பக்கம்

புத்தகம் களவு போனால் கண்டுபிடிக்க வேண்டுமென்று எங்கள் முதலாளி எல்லாப் புத்தகத்திலும் பதினேழாம் பக்கத்தில் லைப்ரரி முத்திரையைக் குத்திவைப்பார். அது பரம ரகசியம் என்று அவர் நம்பிக்கொண்டிருக்கிறார். மெம்பர்களோ அந்த முத்திரையைச் சுற்றித்தான் தங்கள் அடையாளத்தைப் போடுகிறார்கள். ஏற்கெனவே படித்த புத்தகத்தை மறுபடி எடுத்துப் போய்விடக் கூடாதே, அதற்காக. ஒருவர் ஓரத்தில் ஒரு புள்ளி. ஒருவர் கீழே இரண்டு கோடு. ஒரு மாமி மூக்குத்தி மாதிரி ஒரு வட்டம். வேறு யாருக்கும் அர்த்தமாகாது. போட்டவர்களுக்கு மட்டும் தெரியும். கவுன்டரில் நிற்கும்போது புத்தகத்தை வாங்கி, அட்டையைப் பார்க்காமல், ஆசிரியர் பெயரைப் பார்க்காமல், நேரே பதினேழைப் புரட்டுவார்கள். பிறகுதான் முகத்தில் ‘ஆஹா’ அல்லது ‘அடடா’.

திங்கட்கிழமைகளில் அந்த அடையாளங்களை ரப்பர் போட்டு அழிப்பது என் வேலை. ஒருநாள் ரிட்டயரான ஸ்டேஷன் மாஸ்டர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டார். கைகாட்டி மரம் மாதிரி குட்டியாக ஒன்று வரைவது அவர் வழக்கம். அது பாதி அழிந்திருந்தது. அவர் கோபப்படவில்லை. என் கையிலிருந்த ரப்பரை மெல்ல வாங்கி மேஜைமேல் வைத்தார்.

“அழிச்சுடாதேம்மா. அது இருக்கிற தைரியத்திலேதான் நான் ஞாபகம் வச்சுக்கிறதையே விட்டுட்டேன்.”

இன்னொருத்தி

தங்கம் மாமி துப்பறியும் நாவல் தவிர வேறு தொடமாட்டாள். ஃபைவ் கார்டன்ஸ் பக்கத்திலிருந்து குடையை ஊன்றிக்கொண்டு வருவாள். வைரத்தோடு, மூக்குக்கண்ணாடி, சுத்தமான பேச்சு. பஸ் நம்பர் தப்பாது. திதி நட்சத்திரம் தப்பாது. அவள் அடையாளம் ஒரு சின்ன நட்சத்திரம். பேனாவை எடுக்காமல் ஒரே இழுப்பில் போடுவாள்.

போன மழைக்காலத்தில் மாமி திருப்பிக் கொடுத்த ஒரு புத்தகத்தை அலமாரியில் வைக்குமுன் பதினேழைத் திருப்பினேன். நாலு நட்சத்திரம் இருந்தது. ஒன்று பென்சில், ஒன்று நீல மசி, இரண்டு ஊதா. நாலும் ஒரே கை. அடுத்த புத்தகத்தை எடுத்தேன். மூன்று. அதற்கடுத்ததில் ஐந்து. மத்தியான வெயில், தெருவில் காய்கறிக்காரன் கூவுகிறான், நான் ஒவ்வொன்றாக எடுத்துப் பதினேழைத் திருப்பிக்கொண்டே நிற்கிறேன். ஆள் முழுசாக எதிரே நின்று தேங்காய்ச் சில் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, உள்ளே ஒரு அறையில் மட்டும் விளக்கு அணைந்து அணைந்து எரிந்திருக்கிறது.

மாமி அதைப் பார்க்காமலா இருப்பாள்? பார்த்திருக்கிறாள். அடுத்த தடவை வந்தபோது சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, கவுன்டர்மேல் குனிந்து, கேஸ் துப்புத் துலங்கிவிட்ட மாதிரி என்னிடம் கிசுகிசுத்தாள்.

“என்னை மாதிரியே நட்சத்திரம் போடறவ இன்னொருத்தி இந்த லைப்ரரியிலே இருக்கா. நான் எந்தப் புஸ்தகத்தை எடுத்தாலும் எனக்கு முன்னாடியே படிச்சுட்டுப் போயிடறா. நீ அவளைப் பார்த்திருப்பியே, எப்படி இருப்பா?”

இரண்டு ரகரம் எதற்கு

தாராவியிலிருந்து ஒரு அண்ணாச்சி வருவார். தோல்பட்டறை வைத்திருக்கிறார், இடுப்பு பெல்ட், கைப்பை எல்லாம் தைப்பார்கள். திருநெல்வேலிப் பக்கம். அறுபதாம் வயதில் எங்கள் லைப்ரரியில் சேர்ந்தார். மெம்பர் ஃபாரத்தில் கட்டைவிரல் மையை ஒற்றிவிட்டு, குழந்தைகள் படிக்கும் படக்கதை ஒன்று வேண்டுமென்றார். பேரனுக்கா என்று முதலாளி கேட்டார். எனக்குத்தான் என்றார் அண்ணாச்சி. எழுத்துக் கூட்டப் பழகிக்கொண்டிருக்கிறாராம். தாராவியிலிருந்து நடந்தேதான் வருவார். வழியில் இருக்கிற கடை போர்டையெல்லாம் சத்தம் போட்டுப் படித்துக்கொண்டே வருவதால், இரண்டு தெரு தள்ளி வரும்போதே எங்களுக்குத் தெரிந்துவிடும். ஒருநாள் என்னிடம் கேட்டார்: ஒரு ரகரம் போதாதென்று இரண்டு ரகரம் எதற்கு வைத்தார்கள், அந்தக் காலத்தில் அவர்களுக்கு வேறு வேலை இல்லையா என்று. கான்வென்டில் படித்த எனக்கு பதில் தெரியவில்லை.

ஏன் இந்த வயதில் என்று கேட்டதற்கு அவர் சொன்ன கதையில்தான் எனக்குச் சிரிப்பு நின்றது. அவருடைய அண்ணனும் அதே பட்டறையில்தான் இருந்தாராம். அறுபது ஆனதும் வேலையை விட்டுவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார். யாரோடும் பேச்சில்லை, எங்கும் போவதில்லை, வேளைக்குச் சாப்பாடு. இரண்டு வருஷம். ஒருநாள் குழாயடிக்குப் போனவர் திரும்பவில்லை. தேடித் தேடி மாஹிமில் கண்டுபிடித்தார்கள். முன்பின் தெரியாத ஒரு வீட்டு வாசலில், கையில் காலிக் குடத்தோடு, ‘அம்மா இன்னும் வரலியா’ என்று கேட்டுக்கொண்டு நின்றிருந்தாராம். வீட்டுக்காரர்களும் பாவம், வந்துவிடுவாள் என்று சொல்லி உட்கார வைத்திருந்தார்கள். கட்டிலில் உட்கார்ந்ததால்தான் அப்படி ஆயிற்று என்று எப்படிச் சொல்ல முடியும் என்று கேட்டேன். அவர் படக்கதையை மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

“அது எனக்குத் தெரியாது தாயி. ஆனா தோலை நாலு நாள் சும்மா போட்டு வச்சா விறைச்சுப் போயிருதுல்லா, அதை நான் நாப்பது வருசமா கண்ணால பாக்கேன்.”

சிநேகிதியின் அம்மா

மறுநாளிலிருந்து நான் சயனிலேயே பஸ்ஸைவிட்டு இறங்கி மாட்டுங்காவரை நடக்க ஆரம்பித்தேன். பயத்தில் செய்கிற காரியத்துக்கு இருக்கிற வேகம் பக்தியில் செய்வதற்கு இருக்காது.

எதிர் சந்தில் டிஸ்பென்ஸரி வைத்திருக்கும் டாக்டர் எங்கள் மெம்பர். பதினோரு மணிக்கு நோயாளிகளை உட்கார வைத்துவிட்டு வந்து இங்கிலீஷ் கௌபாய் நாவல் எடுத்துப் போவார். அவரிடம் ஒரு பொய் சொன்னேன். என் சிநேகிதி ஒருத்தியின் அம்மாவுக்கு நாற்பத்தைந்தில் இப்படி இப்படி ஆயிற்று, சிநேகிதி கவலைப்படுகிறாள், அவளுக்கும் வருமா, வராமல் தடுக்க மருந்து உண்டா? டாக்டர் நாவலின் பதினேழாம் பக்கத்தைப் பார்த்தபடியே பதில் சொன்னார். மருந்து கிடையாது. மூளையும் உடம்பில் ஒரு உறுப்புதான். இதயத்துக்கு ஆகாதது அதற்கும் ஆகாது. ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் ஏறவிடக் கூடாது, புகையிலை கூடாது, தினமும் நடக்க வேண்டும். நாலு பேரோடு பேச வேண்டும். காது மந்தமானால் வெட்கப்படாமல் வந்து காட்ட வேண்டும். காது கேட்காதவன் பேச்சைக் குறைப்பான், பேச்சைக் குறைத்தவன் உள்ளே போய்விடுவான். தெரியாத ஒன்றைக் கற்றுக்கொண்டே இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல் தூக்கம். இதெல்லாம் செய்தால் வரவே வராதா என்றேன். உறுதி கொடுக்க முடியாது என்றார். மழை வராது என்று யாரும் எழுதிக் கொடுக்க மாட்டார்கள், ஆனாலும் கூரைக்கு ஓடு மாற்றி வைக்கிறோமில்லையா என்றார்.

பிறகு புத்தகத்தை மூடிவிட்டு, முதல் தடவையாக என் முகத்தை நேராகப் பார்த்தார்.

“நாப்பத்தஞ்சிலே வரப்போறதுக்கு நாப்பத்தஞ்சிலே ஆரம்பிச்சா பிரயோஜனம் இல்லே. இதெல்லாம் பல் தேய்க்கிற மாதிரி இப்பவே பழக்கமாகணும். உங்க சிநேகிதிக்கு உங்க வயசுதானே இருக்கும்?”

கூட்டல் குறி

எனக்கும் ஓர் அடையாளம் உண்டு. கான்வென்டில் நோட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் தலைப்பில் சின்னதாகச் சிலுவை போட்டுவிட்டுத்தான் எழுத ஆரம்பிக்க வேண்டும். கை அப்படியே பழகிவிட்டது. அம்மா அதைக் கடைசிவரை கூட்டல் குறி என்றே நினைத்துக்கொண்டிருந்தாள்; கணக்கில் பெண் கெட்டிக்காரி என்று எல்லாரிடமும் சொல்வாள். லைப்ரரிப் புத்தகத்தில் கிறுக்கக் கூடாது என்று மெம்பர்களுக்குச் சொல்கிற நான், வீட்டுக்கு எடுத்துப் போகிற புத்தகத்தில் அதே பதினேழாம் பக்கத்தில் அதே சிலுவையைத்தான் போட்டு வந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, வீட்டுக்கு எடுத்துப் போக ஒரு நாவலைத் தேர்ந்தெடுத்தேன். கலங்கரை விளக்கத்தில் குடியிருக்கும் ஒரு குடும்பத்தின் கதை. இதுவரை கையாலும் தொட்டதில்லை. பதினேழைப் புரட்டினேன். முத்திரைக்கு மேலே, பச்சை மசியில், என் சிலுவை. வேறு யாரோ போட்டிருக்கலாம் என்று சொல்லிக்கொண்டேன்; சொல்லும்போதே தங்கம் மாமியின் குரல் காதில் கேட்டது. புத்தகத்தின் நடுவில் கிரைப் வாட்டர் பாட்டிலின் லேபிள் கிழிசல் ஒன்று அடையாளத்துக்குச் செருகியிருந்தது. பின்னட்டைச் சீட்டில் என் மெம்பர் நம்பர். தேதி, குழந்தை பிறந்து ஐந்தாவது வாரம். நின்றுகொண்டே முதல் இருபது பக்கம் படித்தேன். ஒரு வரி, ஒரு பெயர், ஒரு படகு, எதுவும் எனக்குத் தெரிந்ததாக இல்லை. வேறொருத்தியின் வீட்டுக்குள் நுழைந்து அவள் புடவைகளைப் பிரித்துப் பார்ப்பது போலிருந்தது.

சாயங்காலம் இவர் வந்ததும் புத்தகத்தைக் காட்டி, இதை யார் எடுத்து வந்தது என்று கேட்டேன். பிரசவ சமயத்தில் ஆபீஸிலிருந்து வரும் வழியில் என் கார்டில் தான்தான் எடுத்து வந்ததாகச் சொன்னார். ஷூவின் நாடாவை அவிழ்த்துக்கொண்டே, சாதாரணமாகத்தான் சொன்னார்.

“நீதானே ராத்திரி ராத்திரியா உட்கார்ந்து படிச்சே? முழுக் கதையும் எனக்குச் சொன்னியே. ரெண்டு தரம் சொன்னே. ஆசையா சொல்றியேன்னு நான்தான் குறுக்கே பேசலே.”

கிங்ஸ் சர்க்கிளில் ஒரு நாள்

அதற்குப் பத்து நாள் கழித்து. மழை கொட்டியதால் அன்று சயனில் இறங்காமல் கிங்ஸ் சர்க்கிள்வரை பஸ்ஸிலேயே வந்தேன். இறங்கிக் குடையை விரித்தேன். விரித்த கை அப்படியே நின்றுவிட்டது. குழந்தையை பாபியிடம் கொடுத்தேனா?

நடந்ததை வரிசையாக நினைத்துப் பார்த்தேன். பால் பாட்டிலைக் கொதிக்கவைத்தது நினைவிருக்கிறது. குழந்தையின் கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைத்தது நினைவிருக்கிறது. குடை, பை, சாவி. கதவைப் பூட்டியது நினைவிருக்கிறது. பூட்டுக்கும் மாடிப்படிக்கும் நடுவில் பாபியின் கதவு இருக்கிறது. அங்கே மட்டும் ஒன்றுமில்லை. பாபியின் முகம் இல்லை. குழந்தையைக் கைமாற்றிய பாரம் கையில் இல்லை. பூட்டிய வீட்டுக்குள் குழந்தை தூளியில் கிடக்கிறாள் என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது. எதிர்ப்பக்கம் ஓடி, வந்த பஸ்ஸில் ஏறி, உட்கார இடமிருந்தும் நின்றுகொண்டே போனேன். போன டிக்கெட்டும் வந்த டிக்கெட்டும் ஈரமாகக் கையில் ஒட்டிக்கொண்டிருந்தன. செம்பூர் சேர நாற்பது நிமிஷம். அந்த நாற்பது நிமிஷத்தை எழுத என்னிடம் வார்த்தை இல்லை. பிள்ளை பெற்றவர்கள் அவரவர் அளவுக்கு நிரப்பிக்கொள்ளுங்கள்.

வீட்டைத் திறந்தேன். தூளி காலி. திரும்பினால், பாபியின் கதவு அகலத் திறந்து கிடந்தது. மாடிப்படி அங்கிருந்து நாலடி. கூடத்தில், கரண்டிகளுக்கு நடுவில், என் பெண் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். வாரி எடுத்தேன். எடுத்த பிறகுதான் முகத்தைப் பார்த்தேன். நான் வைத்தது கன்னத்தில் ஒரு பொட்டு. இப்போது நெற்றியில் இரண்டு. இரண்டு கன்னத்திலும். தாடையில். காதுக்குப் பின்னால். உள்ளங்காலைத் திருப்பினேன், அங்கேயும் வரிசையாக. மொத்தம் பதினொன்று. எல்லாம் ஒரே அளவு, ஒரே விரல், மை சில இடத்தில் காய்ந்தும் சில இடத்தில் ஈரமாகவும். சமையலறையில் பால் வற்றிப் பாத்திரம் கருகிப் புகைந்துகொண்டிருந்தது. பாபி மைச் சிமிழைக் கையில் பிடித்தபடி உள்ளேயிருந்து வந்தார். என்னைக் கண்டு ஆச்சரியப்பட்டவர், பிறகு செல்லமாகக் கோபித்துக்கொண்டார்.

“மறுபடியுமா? இப்பத்தானே வந்து குழந்தையைப் பார்த்துட்டுப் போனே. வந்தவ ஒரு பொட்டாவது வச்சுட்டுப் போகக் கூடாதா? எப்போ பார்த்தாலும் வெறும் முகமா இருக்கா.”

கவுன்டருக்கு உள்ளே

நான் வரவில்லை. கையில் இரண்டு டிக்கெட் இருந்ததால்தான் அதை நம்பினேன். அவை இல்லாவிட்டால் பாபி சொன்னதையே நம்பியிருப்பேன். இரண்டு மாதமாக என் தலையைப் பற்றியே பயந்துகொண்டிருந்தேன். குழந்தையைக் கொடுத்துவிட்டுப் போன இடத்தைப் பற்றி ஒருநாளும் பயப்படவில்லை. அன்று இரவு பாபியின் புருஷன் வந்ததும் கேட்டேன். அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு வருஷமாக சீனி டப்பா, உப்பு டப்பா எல்லாவற்றிலும் பெயர் எழுதி ஒட்டி வருகிறாராம். ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். குழந்தை வந்த பிறகுதான் அவள் வாயைத் திறந்து பாட ஆரம்பித்தாள், சொன்னால் தூக்கிக்கொண்டு போய்விடுவாய் என்று சொல்லவில்லை என்றார். போய்விடத்தான் நினைத்திருந்தேன்.

மறுநாள் டாக்டரிடம் சிநேகிதி நான்தான் என்று ஒப்புக்கொண்டேன். அது அவருக்குப் புதிய செய்தியாக இல்லை. ஐந்து வாரக் குழந்தையோடு இரண்டு மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்காதவள் படித்தது மனதில் நிற்காமல் போவதும், பாபிக்கு இருப்பதும் ஒன்றல்ல என்றார். அம்மாவுக்கு வந்தது உங்களுக்கு வரும் என்றும் சொல்லமாட்டேன், வராது என்றும் சொல்லமாட்டேன் என்றார். பாபியை அழைத்து வரச் சொல்லிப் பரிசோதித்தார். ரத்த அழுத்தம் எக்கச்சக்கமாக இருந்தது; மாத்திரை எழுதினார். போனது திரும்பாது, இருக்கிறதைப் பார்த்துக்கொள்ளலாம், ஆனால் பகல் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு தனியாக உட்கார விடாதீர்கள் என்றார்.

இப்போது நாங்கள் மூன்று பேர் வேலைக்குப் போகிறோம். பஸ்ஸில் குழந்தையைத் தனியாகத் தூக்கிக்கொண்டு போக முடியவில்லை, துணைக்கு வாருங்கள் என்று பாபியிடம் கெஞ்சினேன். அவருக்கு அதில் பெருமை. சத்தம் போடாமல் இருந்தால் சரி என்றார் முதலாளி. குழந்தையைச் சொன்னாரா அண்ணாச்சியைச் சொன்னாரா தெரியவில்லை. கவுன்டருக்கு உள்ளே ஒரு பாய். தங்கம் மாமி வந்தால் பாபியோடு சீட்டு விளையாடுவாள். மாமி தமிழில் பேசுவாள். பாபி சிந்தியில் பதில் சொல்வார். யார் சீட்டு இறக்க வேண்டிய முறை என்பது இருவருக்கும் மறந்துபோவதால் இதுவரை சண்டையே வந்ததில்லை. பாபி எனக்குத் தினமும் ஐந்து சிந்தி வார்த்தை கற்றுத்தருகிறார். பெரும்பாலும் நேற்றைய அதே ஐந்து. நானும் புதிதாகக் கேட்பதுபோலவே எழுதிக்கொள்கிறேன். குழந்தை மட்டும் எப்போதும் என் கைக்கெட்டும் தூரத்தில். அதில் ஒரு அடிகூட விட்டுக்கொடுப்பதில்லை. திங்கட்கிழமைகளில் ரப்பரைக் கையில் எடுப்பதும் இல்லை.

போன வாரம் சயனில் இறங்கி நடந்து வந்துகொண்டிருந்தோம். வெயில். பாபியின் இடுப்பில் குழந்தை; ஒட்டினாற்போல் நான். பாபி குழந்தையின் காதருகே குனிந்து, எனக்குக் கேட்கக் கூடாதென்று தணிந்த குரலில், அதைச் சமாதானப்படுத்திக்கொண்டே வந்தார்.

“பயப்படாதே கண்ணு. யாரோ தெரியலே இவ, தினமும் நம்ம கூடவே நடந்து வரா. நல்லவ மாதிரிதான் இருக்கா.”

நடக்கிறேன், பேசுகிறேன், புது பாஷை படிக்கிறேன், உப்பைக்கூடக் குறைத்துவிட்டேன். இத்தனையும் செய்துவிட்டு, ராத்திரி விளக்கை அணைக்குமுன் பெற்ற பெண்ணின் பெயரை ஒருதரம் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் படுக்கிறேன் என்றால், புத்தகம் கொடுத்து வாங்கும் இந்த உத்தியோகம் என்னை எந்த லட்சணத்தில் வைத்திருக்கிறது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.